1850-க்கும் 1870-க்கும் நடுவில் காணாமல் போன ஒரு குடும்பம்

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள். உங்கள் கணவர் அமெரிக்கர். அவருடைய எள்ளுத்தாத்தா 1850 சென்சஸில் ஒகையோ மாநிலத்தில் ஒரு விவசாயி வீட்டில் 8 வயதுப் பையனாக இருக்கிறார். 1860-இல் அந்தக் குடும்பமே எங்கும் கிடைக்கவில்லை. 1870-இல் அயோவாவில் 28 வயது, மனைவி, கைக்குழந்தை என்று திடீரென்று தோன்றுகிறார். இணையத்தில் யாரோ போட்ட மூன்று வம்சாவளிகளில் அந்த ஒகையோத் தம்பதிதான் அவருடைய பெற்றோர் என்று இருக்கிறது. மகளின் பள்ளிக்கூட வேலைக்காகத் தேட ஆரம்பித்தீர்கள். "நடுவில் அந்த அப்பாவும் அம்மாவும் எங்கேதான் போனார்கள்?" என்ற கேள்வி இப்போது உங்களை விடமாட்டேன் என்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பெற்றோர் எங்கே போனார்கள் என்பது இரண்டாவது. 1850-இல் இருந்த பையனும் 1870-இல் இருக்கும் இளைஞரும் ஒரே ஆள்தானா என்பதுதான் முதலாவது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அதற்கு உங்கள் கையில் இருப்பது பெயர், வயது, பிறந்த மாநிலம் ஆகிய மூன்று மட்டுமே. அவ்வளவு சாதாரணமான பெயரோடு 1842 வாக்கில் ஒகையோவில் பிறந்த பையன்கள் பலர் இருந்திருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 1850 சென்சஸில் வீட்டுத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி 1880-இல்தான் சேர்ந்தது. ஆகவே அந்த வீட்டில் இருந்த ஆணும் பெண்ணும் அவருடைய அப்பா அம்மாவாக இருக்கலாம், சித்தப்பா சித்தியாக இருக்கலாம், அப்பாவும் இரண்டாம் தாரமுமாகக்கூட இருக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

நான் ஒகையோவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நூலகத்தின் குடும்ப வரலாற்று அறையில் 17 வருஷம் வேலை பார்த்தேன். ஒகையோவிலிருந்து மேற்கே இந்தியானா, இலினாய்ஸ், அயோவா என்று போன குடும்பங்கள்தான் எனக்குப் பழக்கம். வடகிழக்கு ஓரத்து நியூ இங்கிலாந்து மாநிலங்களும் தென்மாநிலங்களும் வேறு உலகம். கீழே சொல்வதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒகையோவில் கவுண்டி நீதிமன்றங்கள் பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1867-இல். அயோவாவில் 1880-இல். 1842-இல் பிறந்த குழந்தைக்கு அரசுப் பதிவு என்ற ஒன்று கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடு இருக்கலாம், குடும்பப் பைபிளில் எழுதி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். 10 வருஷத்துக்கு ஒரு முறை வந்த சென்சஸ்தான் முதுகெலும்பு. அதிலும் 1790 முதல் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் "10 வயதுக்குள் ஆண் 2, பெண் 1" என்கிற மாதிரி வெறும் எண்ணிக்கை. அடிமையாக இல்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-இல்தான் முதல் தடவை. உங்கள் பையன் அந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறார் என்பதே நல்ல தொடக்கம்.

சரி, 1860-க்கு வருவோம். ஆள் "இல்லை" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் இல்லாமல் இருப்பது இணையத்தில் பெயர் போட்டுத் தேடும் அட்டவணையில்தான். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் காதில் விழுந்ததை எழுதினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டியலையும் மூன்று பிரதி எடுக்க வேண்டும் என்று விதி. கவுண்டிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, வாஷிங்டனுக்கு ஒன்று. இன்று திரையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வாஷிங்டனுக்குப் போன பிரதி. படி எடுக்கும்போது வரி தாவியிருக்கும், வயது மாறியிருக்கும். அதற்கு மேல் 150 வருஷம் கழித்து வேறொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஹெஸ் என்ற குடும்பப் பெயர் இரண்டு 'எஸ்' எழுத்தில் முடியும். பழைய கையெழுத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எழுத்தை மேலும் கீழும் நீட்டி, 'எஃப்' போலவே எழுதுவார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு அது 'ஹெஃப்ஸ்' என்று தெரியும், சில கையெழுத்தில் 'ஹெப்ஸ்' என்றும். ஒரு குடும்பத்தை நான் எட்டு மாதம் தேடியிருக்கிறேன். கடைசியில் இப்படித்தான் 'ஹெப்ஸ்' ஆக உட்கார்ந்திருந்தார்கள், அதே கவுண்டியில், அதே பண்ணையில். இதே போல 'எல்' எழுத்தும் 'எஸ்' எழுத்தும் மாறும், 'டி' எழுத்தும் 'எஃப்' எழுத்தும் மாறும். ஜெர்மன் வம்சமாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகும்: ஷ்மிட் ஸ்மித் ஆவார், ஷ்னைடர் ஸ்னைடர் ஆவார், அல்லது 'தையல்காரர்' என்ற அர்த்தத்தை மொழிபெயர்த்து டெய்லர் என்றே வைத்துக்கொள்வார். குடியேறிகள் வந்திறங்கிய நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று பல வீடுகளில் கதை சொல்வார்கள். எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். அங்கேயும் கப்பல் ஏறிய துறைமுகத்தில் எழுதிய பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயர்கள் மாறியது பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலும். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு, இங்கே குடும்பப் பெயர் என்பது கல்லில் பொறித்தது என்ற எண்ணம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லவே இல்லை.

அதனால் 1860-இல் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடுங்கள். 1850 பக்கத்தில் அந்தப் பையனோடு இருக்கும் மற்றக் குழந்தைகளைப் பாருங்கள். ஜான், மேரி, வில்லியம் எல்லாம் உதவாது. கொஞ்சம் அபூர்வமான பெயர் ஒன்று இருக்கும்: லொவினா, ஹெசக்கையா, தீர்சா, ஓபதியா என்று. அந்தப் பெயர், பிறந்த வருஷத்துக்கு இரண்டு வருஷம் முன்பின், பிறந்த மாநிலம் ஒகையோ. இவ்வளவு மட்டும் போட்டு இந்தியானா, இலினாய்ஸ், அயோவா மூன்றையும் சல்லடை போடுங்கள். வருவது நானூறு பேராக இருந்தாலும் ஒவ்வொருவரோடும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பையனின் பெயரும் இன்னொரு உடன்பிறப்பின் பெயரும் சரியான வயதில் ஒரே வீட்டில் இருந்தால், குடும்பப் பெயர் என்னவாக இருந்தாலும் நிறுத்திப் பாருங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1849-இல் தொடங்கி 1850-களின் நடுப்பகுதி வரை காலரா இந்தப் பகுதியில் அலை அலையாக வந்தது. 1849-இல் சின்சினாட்டியில் மட்டும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காலரா இல்லாவிட்டாலும் மரம் வெட்டும்போது, பிரசவத்தில், டைஃபாய்டில் என்று 40 வயதுக்குள் போனவர்கள் ஏராளம். அப்பா போய்விட்டால், நான்கைந்து குழந்தைகளோடு இருக்கும் அம்மா பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் மறுமணம் செய்துகொண்டார். உடனே அவருடைய குடும்பப் பெயர் மாறும். கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டில் இருக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் புதுக் கணவரின் பெயரையே போட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் பெரியவர்களாகித் தனிக்குடித்தனம் போனதும் பழைய பெயருக்குத் திரும்புவார்கள். 1850-இல் ஒரு பெயர், 1860-இல் காணவில்லை, 1870-இல் மறுபடியும் அதே பெயர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். உங்கள் விஷயத்திலும் இதுதான் நடந்தது என்று சொல்லவில்லை. முதலில் சோதிக்க வேண்டியது இதுதான் என்கிறேன்.

அப்பா இறந்திருந்தால், உயிலையும் இறந்தவர் சொத்தையும் கவனிக்கும் கவுண்டியின் புரொபேட் நீதிமன்றத்தில் தடம் இருக்கும். உயில் இல்லாவிட்டாலும், சொத்தை ஏலம் விட்ட பட்டியல் இருக்கும்: இரண்டு பசு, ஒரு கலப்பை, ஒரு அடுப்பு, யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று. விதவை எதை வைத்துக்கொண்டார் என்றும் இருக்கும். 'கார்டியன்ஷிப்' பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்துச் சட்டத்தில் அப்பா இல்லாத குழந்தையே 'அநாதை'. அம்மா உயிரோடு இருந்தாலும் குழந்தையின் சொத்துப் பங்குக்கு வேறொரு ஆணைப் பாதுகாவலராகப் போடுவார்கள். அவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். 14 வயது ஆன பையன் தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் பையனுக்கு 14 ஆனது 1856 வாக்கில். அந்த வருஷத்துப் பக்கங்களில் அவர் பெயரும், அப்பா பெயரும், ஒரு மாமன் பெயரும் ஒரே வரியில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

நான் பார்த்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே ஒகையோ, பிறகு அயோவா, நடுவில் வெற்றிடம். அந்த வீட்டார் நான்கு வருஷம் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து 1870 அயோவாப் பக்கத்தில் மேலே இரண்டு வீடு, கீழே இரண்டு வீடு யார் என்று எழுதினோம். கீழே இரண்டாவது வீட்டில் ஒரு விவசாயி, அவர் மனைவிக்கு 35 வயது, இரண்டு பேரும் ஒகையோவில் பிறந்தவர்கள். அந்தத் தம்பதியின் திருமணப் பதிவை ஒகையோவில் தேடினோம். 1852-இல் கிடைத்தது. மணப்பெண்ணின் குடும்பப் பெயர் நாங்கள் தேடிய அதே பெயர். பெண்ணுக்கு 17 வயதுதான் என்பதால் பெற்றோரின் சம்மதம் தேவைப்பட்டிருக்கிறது. பதிவோடு ஒரு சிறு துண்டுக் காகிதம், உள்ளங்கை அகலம் இருக்கும், நீதிமன்ற எழுத்தருக்கு: என் மகள் மணம் செய்துகொள்ள எனக்குச் சம்மதம். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, அதன் இரு பக்கமும் வேறு யாரோ எழுதிய அந்த அம்மாவின் பெயர். குடும்பப் பெயர் வேறு! அப்பா இறந்து, அம்மா மறுமணம் செய்திருக்கிறார். அந்தப் புதுப் பெயரில் 1860 இந்தியானாவைத் திறந்தோம். பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள், மாற்றாந்தகப்பன் பெயரில். அந்த வீட்டுப் பெரியம்மா அந்தப் பெருக்கல் குறியை விரலால் தொட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்த வழியை இங்கே எல்லா ஆய்வாளர்களும் சொல்வார்கள்: நண்பர், உடனிருந்தோர், அண்டை வீட்டார். யாரும் தனியாக மேற்கே போகவில்லை. மாட்டு வண்டியில் அறுநூறு மைல் போகிறவன் அண்ணனோடு, மச்சானோடு, அதே தேவாலயத்துக்காரர்களோடு சேர்ந்துதான் போனான். உங்கள் ஆளைப் பற்றிக் காகிதம் எதுவும் சொல்லாதபோது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய காகிதம் சொல்லும். ஆகவே 1850 பக்கத்திலிருந்து ஒரு 10 குடும்பம், 1870 பக்கத்திலிருந்து ஒரு 10 குடும்பம் எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டிலும் வந்தால், இந்தப் பையனும் அந்த இளைஞரும் ஒருவரே என்பதற்கு அது வயதை விடப் பெரிய சாட்சி.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், ஆள் போய்ச் சேர்ந்த இடம் அயோவா. அங்கே மாநிலம் தனியாகவும் சென்சஸ் எடுத்தது. 1856-இல் எடுத்ததில் எல்லோர் பெயரும் இருக்கிறது, மாநிலத்துக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்றும் இருக்கிறது. குடும்பம் 1860-க்கு முன்பே வந்துவிட்டதா என்பது அதில் தெரியும். அப்புறம் 1885, 1895. இந்த இரண்டும் அருமையானவை, ஏனென்றால் 1890 தேசிய சென்சஸ் நமக்கு இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. சில எரிந்தன, பல நனைந்தன, மிச்சத்தைப் பிறகு அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதற்கும் சுமார் 6,000 பேர் விவரம்தான் எஞ்சியது.

அயோவாவின் 1925 சென்சஸைப் பலர் பார்ப்பதே இல்லை. நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் அப்பா பெயர், அம்மாவின் கன்னிப் பருவக் குடும்பப் பெயர், அவர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே திருமணம் செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் எள்ளுத்தாத்தா அப்போது இருந்திருந்தால் 83 வயது. அவர் இல்லாவிட்டாலும், 1850-களில் பிறந்த ஒரு தம்பியோ தங்கையோ 70 வயதில் அயோவாவில் இருந்திருக்கலாம். அந்த ஒரு வரியில் நீங்கள் தேடும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வரை கிடைத்துவிடலாம். ஆளைத் தேடுவதைவிட உடன்பிறப்பைத் தேடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது உள்நாட்டுப் போர். 1842-இல் பிறந்தவர் என்றால் 1861-இல் 19 வயது. வட மாநிலத்தில் அந்த வயது ஆண்களில் படைக்குப் போனவர்கள் மிக அதிகம். அவர் 1910-இல் உயிரோடு இருந்திருந்தால், அந்த வருஷத்துத் தேசிய சென்சஸில் வலது பக்கம் 'யு.ஏ.' என்று இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள். யூனியன் ராணுவத்தில், அதாவது வட மாநிலப் படையில், இருந்தவர் என்று அர்த்தம். இருந்தால் பென்ஷன் கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 1862 சட்டம் காயம்பட்டவர்களுக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் கொடுத்தது. 1890 சட்டம் போரில் அடிபடாவிட்டாலும் உடல் நலிந்த வீரர்களுக்கெல்லாம் கொடுத்தது. 1907-இலிருந்து வயதை வைத்தே கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத தலைமுறை தன் வயதை எப்படி நிரூபிக்கும்? கையில் இருந்த எல்லாவற்றையும் அனுப்பியது.

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படி ஒரு கோப்பை நான் முதல் தடவை பிரித்த நாள் மறக்காது. மூன்றாக மடித்த காகிதங்கள், மடிப்பில் அழுக்கு. நடுவில் தடித்த, மஞ்சளான ஒரு தாள், ஒரு ஓரம் பிசிறு பிசிறாக. குடும்பப் பைபிளிலிருந்து கிழித்த பக்கம். ஒன்பது குழந்தைகளின் பிறந்த தேதி. முதல் ஐந்து ஒரே கையில், பழுப்பேறிய மை; பிறகு வேறு கை. அந்தக் கை மாறிய இடத்தில்தான் முதல் மனைவி இறந்திருக்கிறார் என்பது வேறு காகிதத்தில் தெரிந்தது. கூடவே பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரின் வாக்குமூலம்: நான்காவது குழந்தை பிறந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன், அது சோளம் நடும் பருவம், என் மகன் பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது என்று. விதவைக்குப் பணம் கிடைக்கவேண்டும் என்பதற்காக எழுதிய காகிதம். நமக்கோ அந்த வீடே கண் முன்னால் வந்துவிடுகிறது.

இங்கேயும் அண்ணன் தம்பியை விடாதீர்கள். கல்யாணம் ஆகாத மகன் போரில் இறந்து, அவன் சம்பாத்தியத்தை நம்பி அம்மா இருந்திருந்தால், அம்மாவே பென்ஷன் கேட்கலாம். அப்படிக் கேட்ட அம்மா, தன் கணவர் எப்போது இறந்தார், தான் மறுமணம் செய்துகொண்டாரா, மற்றப் பிள்ளைகள் யார் யார் என்று எல்லாவற்றையும் சாட்சியோடு சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் பெரிய துக்கம்தான் பல நேரங்களில் நமக்கு மிஞ்சிய ஒரே தடம்.

நிலப் பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக: 1850-இல் அந்த விவசாயிக்குச் சொந்த நிலம் இருந்ததா என்று அந்தப் பக்கத்திலேயே மதிப்பு எழுதியிருக்கும். இருந்தால், ஊரை விட்டுப் போகும்போது விற்றிருப்பார். விற்ற பத்திரத்தில் மனைவியின் பெயரும் அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்ததும் இருக்கும். சில சமயம் விற்றவர் இப்போது இன்ன மாநிலத்தின் இன்ன கவுண்டியில் வசிக்கிறார் என்றே எழுதியிருப்பார்கள். இறந்தவரின் வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரம் கிடைத்தால் எல்லாப் பிள்ளைகளும், பெண்களின் கணவர்களும் பெயரோடு வரிசையாக வந்துவிடுவார்கள். அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

இப்போது அந்த மூன்று வம்சாவளிகள். மூன்று பேர் சொல்கிறார்கள் என்பதால் அது மூன்று ஆதாரம் ஆகாது. பெரும்பாலும் ஒருவர் எழுதியதை இரண்டு பேர் அப்படியே எடுத்திருப்பார்கள். அவர்கள் என்ன ஆவணத்தை இணைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நானும் ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பத்துக்குத் தவறான பெற்றோரைக் கொடுத்திருக்கிறேன். பெயர் சரி, வயது சரி, கவுண்டியும் சரி. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பையன் 11 வயதில் இறந்த கல்லறைக் கல் கிடைத்தது. நான் சொன்னதை நம்பி அவர்கள் அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒருவர் பெற்றோரை ஏற்குமுன், அதே பெயருள்ள மற்றவர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று முதலில் பார்த்துக் கழித்துவிடுகிறேன். உங்கள் 1850 பையன் 1860-இல் வேறெங்காவது, அல்லது 1870-இல் ஒகையோவிலேயே இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இன்று மாலையே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. 1880 சென்சஸில் முதன்முறையாக ஒவ்வொருவரின் அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம் கேட்டார்கள். உங்கள் எள்ளுத்தாத்தாவின் 1880 வரியைத் திறந்து, அவர் அப்பா பிறந்தது எங்கே என்று பாருங்கள். 1850-இல் அந்த ஒகையோ விவசாயி பிறந்த இடமும் எழுதியிருக்கிறது. ஒன்றில் பென்சில்வேனியா, மற்றொன்றில் அயர்லாந்து என்றால் சந்தேகப்படுங்கள். பொருந்தினால் உறுதி என்று நினைக்காதீர்கள். ஒகையோவில் பென்சில்வேனியாக்காரர்கள் எக்கச்சக்கம். பொருந்தாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். கதவைத் திறந்து பதில் சொன்னது யார் என்று அந்தத் தாளில் குறிப்பு இருக்காது. மருமகள் சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கலாம். 1900, 1910 இரண்டிலும் இதே கேள்வி உண்டு. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழில் வரும் பெற்றோர் பெயருக்கும் இதே எச்சரிக்கைதான். சொன்னவர் மகனோ மகளோ. தாத்தா பாட்டியைப் பார்த்தே இராதவர்கள்.

டி.என்.ஏ. சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதவும், ஆனால் தனியாக எதையும் சொல்லாது. நீங்கள் தேடும் தம்பதியிலிருந்து உங்கள் கணவருக்கு வருவது ஆளுக்குச் சராசரியாக 3 சதவீதம். அந்தத் தம்பதியின் வேறொரு பிள்ளை வழியில் வந்தவர் உங்கள் கணவருக்கு நான்காம் ஒன்றுவிட்ட உறவு. அந்தத் தூரத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பொதுவான துண்டு எதுவும் தெரியாமலே போகலாம். ஆகவே பொருத்தம் வரவில்லை என்றால் உறவில்லை என்று அர்த்தம் இல்லை. உங்கள் மாமனார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒரு தலைமுறை கிட்டே. அவர் சம்மதித்தால் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள், அவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களையும்.

ஒன்று மட்டும் இடையில் சொல்ல வேண்டும், உங்கள் மகள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இதே வேலையைச் செய்வார்கள் என்பதால். கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வழி பெரும்பாலும் 1870-இல் நின்றுவிடும். 1850, 1860 இரண்டிலும் அடிமைப்பட்டவர்களை உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதினார்கள், பெயரே இல்லாமல். அவர்கள் காணாமல் போனவர்கள் இல்லை, எழுதாமல் விடப்பட்டவர்கள். அவர்களுக்கு, விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு வைத்த 'விடுதலையானோர் அலுவலகத்தின்' பதிவுகள், அவர்களுக்கென்றே 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகள், பிரிக்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்கள் என்று வேறு வாசல்கள் உண்டு. ஆசிரியரிடம் இதைச் சொல்லி வைத்தால் ஒரு பிள்ளை வெறுங்கையோடு நிற்காது.

உங்கள் விஷயத்தில் இன்றைய நிலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 1870 அயோவா மனிதர் உங்கள் கணவரின் எள்ளுத்தாத்தா. 1850 பையன் அவராக இருக்கலாம், நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வீட்டுத் தம்பதி பெற்றோரா என்பது திறந்த கேள்வி. மறுமணம் என்பது என் ஊகம். சில குடும்பங்களில் எல்லாக் காகிதத்தையும் பார்த்த பிறகும் விடை கிடைப்பதில்லை. நீதிமன்றம் எரிந்த கவுண்டிகள் இருக்கின்றன, நிலமே இல்லாமல் கூலிக்கு உழைத்து ஒரு கையெழுத்தும் விடாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் மகளின் தாளில் அந்த இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, பக்கத்தில் 'இருக்கலாம்' என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் குறையாது என்று நம்புகிறேன்.

1880 வரியை முதலில் பாருங்கள், அப்புறம் 1870 பக்கத்தின் அண்டை வீடுகள். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இரண்டும் இலவசம். ஒகையோ கவுண்டியின் புரொபேட் பதிவேடுகளும் பெரும்பாலும் அங்கேயே படமாக இருக்கும். அட்டவணையில் பெயர் வராவிட்டாலும் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். 1856-ஐச் சுற்றி இரண்டு வருஷம். அண்டை வீடுகளின் பட்டியலை எழுதியதும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.